நவூருவுக்குப் போகிறவனுக்கு

மகனே,

சுகம் விசாரித்துக் கடிதம் தொடங்கும் வழக்கத்தை நான் கைவிட்டு நாளாயிற்று. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் வீட்டுப் பந்தியில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன். என் சுகத்தை நீ கேட்டால் முழங்கால் என்பேன், நீ "பிசியோவுக்குப் போங்கோ" என்பாய், அத்துடன் நம் பேச்சு முடிந்துவிடும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை சிட்னியில் என் பென்டில் ஹில் வீட்டுக்கு வந்து, என் கையால் திருநீறு பூசிக்கொண்டு, பிரிஸ்பேன் வழியாக நவூருவுக்கு விமானம் ஏறப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா அனுப்பிவைக்கும் அந்தத் தீவு முகாமுக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் தருவித்து, திறந்து பார்த்து, பங்கிட்டுக் கொடுக்கும் பிரிவுக்கு நீ பொறுப்பாளன். "அம்மா, இது வெறும் லொஜிஸ்ரிக்ஸ்" என்று அந்த ஞாயிறு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒருவன் ஒரே வாக்கியத்தை அவ்வளவு தரம் சொல்லும்போது, அவன் முன்னால் இருப்பவளுக்குச் சொல்லவில்லை என்பது விளங்கும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் கண்ணை ஓட்டிவிட்டு "தாங்ஸ் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று ஒரு வரி அனுப்புவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். ஒவ்வொரு சொல்லிலும் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கும். இதன் பிரதி ஒன்றை நம்மவர் நடத்தும் இதழுக்கும் கொடுக்கிறேன். அந்தப் பந்தியில் இருந்தவர்களில் பலருக்கு இப்படியொரு வேலையில் ஒரு பிள்ளை இருக்கிறான், அல்லது இனி இருப்பான். உன் கம்பனிக்காரர் வாசித்துவிடுவார்களோ என்று பயப்படாதே. அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதற்கும் சேர்த்துத்தான் உன்னை எடுத்தார்கள் என்பதை நீ சொல்லாவிட்டாலும் நான் அறிவேன்.

அந்தத் தீவைப் பற்றி என்ன தெரியும் என்று உன்னிடம் கேட்டேன். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாய்: தென்னை, வெண்மணல், யாரோ இருந்து எழும்பிப்போன ஒரு கதிரை. அதைப் பார்த்துவிட்டுப் புவியியல் படித்தவள் சும்மா இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கும், இங்கே வந்து மறுபடியும் பரீட்சை எழுதி மேற்குச் சிட்னியின் அரசாங்கப் பாடசாலையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் லெபனான் பிள்ளைகளுக்கும், ஓய்வு பெறும்வரை நான் கற்பித்தது அதைத்தான். வகுப்பில் இருந்த அட்லசில் நவூரு என்ற பெயர் நவூருவைவிடப் பெரிதாக இருக்கும். பெயரை அச்சிட்டால் தீவு மறைந்துவிடும். பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கே, கடலுக்கு மேலே உயர்ந்துவிட்ட ஒரு பவளப்பாறை அது. ஆறு கிடையாது. உள்ளே சிறியதோர் உவர்நீர்க் குளம் உண்டு. கரையோரமாகத் தென்னையும் தாழையும் வளரும் ஒடுங்கிய ஒரு பட்டை நிலம், அதைச் சுற்றி ஒரே தெரு. நீ மெல்பேர்ணில் வேலைக்குப் போக எடுக்கும் நேரத்துக்குள் அந்த நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிடலாம். பாறையின் விளிம்பு தாண்டியதும் கடல் செங்குத்தாக ஆழ்ந்துவிடும். கப்பல் நங்கூரம் போட நிலம் எட்டாது. பெரிய மிதவைகளில் கட்டித்தான் அந்தக் காலத்தில் கப்பல்களை நிறுத்தினார்கள். இவ்வளவு சிரமப்பட்டு அங்கே கப்பல் கட்டியது காற்று வாங்குவதற்காக என்று நீ நினைக்கமாட்டாய்.

அந்தப் பட்டைக்கு உள்ளே, தீவின் பெரும்பகுதியாகிய மேட்டுநிலம் முழுவதும் பொசுபேற்று, பயிருக்கு உரமாகும் பாஸ்பேட் கல், இருந்தது. கடற்பறவைகளின் எச்சம் என்று பாடநூல் சொல்லும். பாறையியல்காரர் அதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதை வழித்து எடுத்தார்கள். எடுத்து முடித்த இடத்தில் எஞ்சியது சுண்ணாம்புக் கல்தூண்கள்: ஆள் உயரத்துக்கும் மேலாக, கூர்கூராக, நெருக்கமாக, ஒரு பிரமாண்டமான வாயில் சொத்தைப் பற்கள் நின்றாற்போல. அதில் வீடு கட்ட முடியாது, கிழங்கு நட முடியாது, செருப்பில்லாமல் நடக்க முடியாது. வெயிலில் அந்தக் கற்களிலிருந்து எழும் வெக்கை மழைமேகத்தையே விலக்கிவிடுகிறது என்பார்கள். உன் கைப்பேசிப் படத்தில் இருந்தது விளிம்பு. உன் முகாம் இருப்பது மேட்டில்.

இந்தக் கதை சிட்னியில் தொடங்கியது என்பது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தீவுகளோடு வியாபாரம் செய்த ஒரு கம்பனியின் சிட்னி அலுவலகத்தில், கதவு அடித்துச் சாத்தாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல். அங்கே வேலைபார்த்த ஓர் இளைஞனுக்குச் சந்தேகம் வந்து அதை உடைத்துச் சோதித்துப் பார்த்தான். உயர்ந்த ரகப் பொசுபேற்று. அந்த நாளிலிருந்து அந்தத் தீவு ஒரு சாமான். அதற்கு முன்பும் அது பெரிதாக ஒரு தீவாக மதிக்கப்படவில்லை. முதலில் கண்ட ஆங்கிலேயக் கப்பல்தலைவன் "இனிய தீவு" என்று பெயர் வைத்துவிட்டுப் போனான்; பின்னால் வந்த திமிங்கில வேட்டைக்காரர் துப்பாக்கியும் சாராயமும் விற்றார்கள்; துப்பாக்கி கிடைத்ததும் தீவின் குலங்கள் தமக்குள் வருடக்கணக்காகச் சுட்டுக்கொண்டன. எங்களுக்கு அது புதிய கதையல்ல. இங்கிலாந்தும் ஜெர்மனியும் பசிபிக்கின் படத்தில் ஒரு கோடு போட்டுப் பங்கு பிரித்தபோது, கோட்டுக்கு ஜெர்மன் பக்கத்தில் விழுந்தது நவூரு. கோடு போட்டவர்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

முதலாம் உலகப் போர் மூண்டதும் ஆஸ்திரேலியப் படை அங்கே இறங்கி எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அதற்குப் பாதுகாவலர் ஆயின. புனிதமான பொறுப்பு என்று அதைத் தாளில் எழுதியும் வைத்தார்கள். அந்த மூன்று நாடுகளின் கமக்காரருக்கும் பொசுபேற்று அடக்கவிலைக்குப் போனது. தீவுக்காரருக்குச் சில்லறை கிடைத்தது. தோண்டுவதற்குச் சீனரையும் அயல்தீவாரையும் ஒப்பந்தத்தில் கொண்டுவந்து லயங்களில் போட்டார்கள். நம் மலைநாட்டில் தேயிலைக்கு என்ன செய்தார்களோ, அதையே அங்கே கல்லுக்குச் செய்தார்கள். இரண்டாம் போரில் ஜப்பானியர் வந்தார்கள். தீவுமக்களில் பெரும்பாலோரை வேறொரு தீவுக்கு வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள், பலர் திரும்பவில்லை. தொழுநோயாளரை ஒரு படகில் ஏற்றி, கடலுக்குள் இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். அகதிகளின் படகைத் திருப்பிக் கடலுக்குள் இழுத்துவிடுவதைப் பற்றி உன் அலுவலகத்தில் பேச்சு வந்தால் இதையும் நினைத்துக்கொள்.

போர் முடிந்து ஆஸ்திரேலியா திரும்பி வந்து மீண்டும் தோண்டியது. நிலம் தீர்ந்துகொண்டு வருவது தெரிந்ததும், குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் ஒரு தீவைக் காட்டி, முழுச்சனமும் அங்கே குடிபெயர்ந்து ஆஸ்திரேலியராகிவிடலாம் என்றது. ஒரு சனமாக இருப்பதை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். எனக்கு அப்படியொரு மறுப்பைச் சொல்லும் வசதி கிடைக்கவில்லை. அறுபதுகளின் இறுதியில் சுதந்திரம் வந்தது. எஞ்சியிருந்த பொசுபேற்றைத் தாமே விற்று, கொஞ்சக்காலம் உலகத்தின் பெரும் பணக்காரராக இருந்தார்கள். நீ மெல்பேர்ணில் வேலை செய்யும் தெருவுக்குப் பக்கத்தில் அவர்கள் கட்டிய வானுயரக் கட்டடம் நிற்கிறது. அதன் நிழலில்தான் நீ காப்பி குடித்திருப்பாய். மெல்பேர்ண்காரர் அதற்கு வைத்த பட்டப்பெயரை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. பறவை எச்சத்தை நினைத்துக்கொள், விளங்கிவிடும். கோட்டும் சூட்டும் போட்ட ஆலோசகர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். விமானக் கம்பனி, விடுதிகள், இலண்டனில் ஓர் ஓவியனைப் பற்றிய பாட்டு நாடகம் என்று காசு போன வழிகள் பல. தோண்டிய நிலத்துக்கு நட்டஈடு கேட்டு ஆஸ்திரேலியாவை உலக நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். தீர்ப்பு வருமுன் ஆஸ்திரேலியா சமரசம் பேசி முடித்துக்கொண்டது. பிறகு கட்டடத்தையும் விற்றார்கள். கையில் ஒன்றுமில்லாமல், கடன்காரர் வாசலில் நின்றபோது, பழைய பாதுகாவலர் திரும்பி வந்து, எங்களுக்கு வேண்டாத சிலரை வைத்திருப்பீர்களா என்று கேட்டார். வேறென்ன சொல்வார்கள்? அந்த மேட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தவர்கள், எடுத்த இடத்தில் ஆட்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று அந்த நாட்டின் பொருளாதாரம் என்பது மீன்பிடி அனுமதியும் அந்த முகாமும்தான். தீவுக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. வாடகைக்கு விடுவதற்குச் சிறையைத் தவிர அவர்களுக்கு வேறெதையும் நாம் மிச்சம் வைக்கவில்லை.

"நாம்" என்று எழுதியதைக் கவனித்தாயா? தவறுதலாக எழுதவில்லை. வழித்தெடுத்த அந்தத் தீவு இந்த நாட்டின் புல்வெளிகளில் தூவப்பட்டது. அந்தப் புல்லைத் தின்ற பசுவின் பாலைக் குடித்து, அந்தக் கோதுமையில் சுட்ட பாணைத் தின்று நீ வளர்ந்தாய். பொசுபேற்று உடம்பில் தங்கும் இடம் எலும்பும் பல்லும். நீ நவூருவுக்கு முதன்முறையாகப் போகவில்லை. அதன் ஒரு துண்டு உன் தாடைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாய். சிரிக்கும்போது தெரிவதும் அதுதான்.

இனி நம் வீட்டுக் கதை. முதலாவது முகாமை அங்கே திறந்தபோது நீ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "நாங்கள் லைனிலை நிண்டு வந்தனாங்கள். இவை கடலாலை வந்து முன்னுக்குப் புகுறினம்" என்றார். நீ தலையாட்டினாய். நான் குசினி அடுப்படியிலிருந்து, "எந்த லைன்? நான் ஒரு லைனையும் காணேல்லையே" என்றேன். "உமக்கு எல்லாத்திலையும் ஒரு பிழை பிடிக்க வேணும்" என்று அவர் சொல்ல, நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். அவர் இறந்துவிட்டார், அவரோடு இனி வாதாட முடியாது. ஆகவே உன்னிடம் சொல்கிறேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்தபின், சிட்னியில் இருந்த அவருடைய பள்ளித்தோழர் எங்களுக்காகக் கையெழுத்திட்டார். விசா அலுவலக வாசலில் ஒரு பெருங்கூட்டம் நின்றது. வரிசை இருக்கவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் எங்கள் பெயரைக் கூப்பிட்டார், கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனோம், பெயர் கூப்பிடப்படாதவர்கள் வெயிலில் நின்றார்கள். அவர்களில் எங்கள் தெருவில் இருந்த குடும்பம் ஒன்றும் இருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரு தோழர், அவர்களுக்கு இல்லை. இதை வரிசை என்று சொல்லிப் பழகிவிட்டோம். இப்படிப்பட்ட கடிதங்களில் தாய்மார் தம் வளர்ப்புப் பிழைகளை ஒப்புக்கொள்வது வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. உனக்கு நாற்பது கடந்துவிட்டது. உன் பிழைகள் இனி உன்னுடையவை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் மாமியார் உன்னை வழியனுப்பச் செய்த விருந்தில் அறுசுவைக்கும் குறைவில்லை. "எங்கடை மருமகன் ஓவர்சீஸ் போஸ்டிங்கிலை போறார்" என்று வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஓவர்சீஸ் என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு "பசிபிக் பக்கம்" என்றார். அப்போதுதான் சுதன் வந்தான். உன் மாமனாரின் ஒன்றுவிட்ட தமக்கையின் மகன். படகில் வந்து, அந்தத் தீவில் வருடக்கணக்காகக் கிடந்து, நோய் முற்றிச் சிட்னிக்குக் கொண்டுவரப்பட்டு, இன்னும் தற்காலிக விசாவில் தரை ஓடு பதித்துக்கொண்டிருக்கிறவன். அவனைக் கண்டதும் உன் மாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்மவரில் யாராவது ஒரு நாட்டுக்குப் போவதென்றால், அங்கே இருந்து வந்த ஒருவரைப் பிடித்து என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்போம் அல்லவா? லண்டன் போகிறவன் குளிருக்குக் கேட்பான், கனடா போகிறவன் சப்பாத்துக்குக் கேட்பான். அதே வாஞ்சையோடு அவர் கேட்டார்.

"சுதன், நீ அங்கை இருந்தனீதானே. மருமகனுக்குச் சொல்லு, என்னென்ன கொண்டு போறது நல்லது?"

நீயும் வெட்கப்படவில்லை. "ஓம் சுதன், இன்ரநெற் எப்பிடி? நுளம்புக்கடி இருக்கோ?" என்றாய்.

"நுளம்பு இருக்கு அண்ணை. வெக்கைதான் கூட. ஆனா உங்களுக்கு ஏசி றூம் தருவினம், எங்களுக்குத்தான் கூடாரம்."

"தண்ணி?"

"கடல்தண்ணியைச் சுத்திகரிச்சுத் தருவினம். எங்களுக்குக் குளிக்க நேரம் வச்சிருந்தவை. உங்களுக்கு அப்பிடி இராது."

"சாப்பாடு எப்பிடி?"

"சாப்பாடு இனி உங்கடை கையிலைதானே அண்ணை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் உன் மனைவியைப் பார்த்தேன். யாழினி சிரிக்கவில்லை, அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் அன்று கொஞ்சம் உயர்ந்தது.

பந்தி முடிந்ததும் அவன் வாகனத்துக்குப் போய் ஓர் ஐஸ்கிறீம் பெட்டியைக் கொண்டுவந்தான். சுற்றிவர ஒட்டுநாடா போட்டு, மேலே ஒரு சோடி றப்பர்ச் செருப்பைக் கட்டியிருந்தான். போகிறவரிடம் பொதி கொடுத்துவிடுவது நமக்கு மூச்சு விடுவதைப் போல. பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் முருங்கைக்காயும் போகாத நாடு உலகத்தில் இல்லை. நீயே படிக்கிற காலத்தில் முன்பின் தெரியாதவருக்கெல்லாம் சுமந்திருக்கிறாய்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. தங்கச்சின்ரை மனுசன் போன மாரியிலை வந்து பிடிபட்டு அங்கைதான் நிக்கிறான். கொஞ்சம் தூளும் பனங்கட்டியும். செருப்பு அங்கை கல்லிலை நிண்டு பிடிக்காது, அதுதான். அவன்ரை பேர் …"

நீ கையை உயர்த்தினாய். வாகனங்களை மறிக்கும் பொலிஸ்காரனைப் போல, உள்ளங்கை அவனுக்குத் தெரியும்படி.

"இல்லை இல்லை, பேரைச் சொல்லாதையும் சுதன். சொன்னா, உள்ளுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கெண்டு நான் டிக்ளெயர் பண்ண வேணும். ஐ காண்ட் ரேக் எனிதிங் இன், சொறி. ஒண்டும் கொண்டு போகேலாது, கம்பனிப் பொலிசி."

"ஓம் அண்ணை, விளங்குது. தெரிஞ்சுதான், சும்மா கேட்டனான்."

"விடு சுதன், அவருக்குக் கரைச்சல் குடுக்காதை" என்றார் உன் மாமியார். "இந்தா, பாயசம் குடி."

அவன் பாயசம் குடித்தான். நீ கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது எந்த ஊர், ஆருடைய பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான். இந்தக் கேள்வியால் நாம் செய்த அநியாயங்கள் கொஞ்சமல்ல. யாரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுப்பது, யாரை முற்றத்தில் நிறுத்துவது என்று தீர்மானித்ததே அந்தக் கேள்விதான். ஆனால் முற்றத்தில் நிறுத்துவதற்குக்கூட ஒருவனுடைய பெயரைக் கேட்டோம். தெரியாமல் இருப்பதற்காகப் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கைகாட்டியவன், நான் அறிந்தவரையில் நம் குடும்பத்தில் நீதான் முதல் ஆள். முன்பு ஒருநாள் தொலைபேசியில் சொன்னாயே, "நான் போகாட்டில் வேற ஆரும் போவினம். நான் எண்டா அந்தச் சனத்தோடை தமிழிலையெண்டாலும் கதைப்பன்" என்று. அதை நான் கொஞ்சம் நம்பியிருந்தேன். இரவில் படுத்துக்கொண்டு, ஒருவேளை அவன் சொல்வதில் நியாயம் இருக்கலாம், ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஒருவன் அங்கே இருப்பது நல்லதுதானே என்றுகூட யோசித்தேன். பாயசம் பரிமாறிய வீட்டிலேயே, உன் சொந்த மொழியில் ஒருவன் சொல்ல வந்த ஒரு பெயரை உன்னால் கேட்க முடியவில்லை. அங்கே என்ன பேசப்போகிறாய்?

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவன் சுதன்தான். உனக்கு அன்று கிரிக்கெட் பேச்சு முடியவில்லை. அவனுடைய வாகனத்தில் ஓடு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது.

"தம்பி, இதை இனி என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டேன்.

"தூளை நான் கறிக்குப் போடுவன் அன்ரி. செருப்புத்தான் எனக்கு அளவில்லை."

"என்ரை மகனோடை கோவமோ?"

"சீ, என்னத்துக்கு? அண்ணை நல்ல மனுசன். அங்கையும் எங்களுக்கு நல்ல மனுசர் கனபேர் இருந்தவை. காலமை குட் மோர்னிங் சொல்லிப்போட்டுத்தான் நம்பரைக் கூப்பிடுவினம்."

"நம்பரோ?"

"ஓம் அன்ரி. படகுக்கு ஒரு எழுத்து, ஆளுக்கு ஒரு நம்பர். பேர் எண்டா அவைக்குச் சொல்ல வராது. பிறகு பிறகு நாங்களும் அப்பிடித்தான் ஆளையாள் கூப்பிட்டனாங்கள், பகிடிக்கு."

வீட்டு வாசலில் இறங்கும்போது பெட்டியை என்னிடம் தரச் சொன்னேன். "நீங்கள் கரைச்சல் படாதேங்கோ அன்ரி" என்றான். கரைச்சல் படுவதா இல்லையா என்று தீர்மானிக்கும் வயது எனக்கு வந்துவிட்டது என்றேன். பிறகு அவன் மைத்துனனுடைய பெயரைக் கேட்டேன். அவன் சொன்னான். தகப்பன் பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. இதை எவரும் வாசிக்கலாம், அந்த மனிதனுக்கு என்னால் ஓர் இடைஞ்சல் வரக்கூடாது. பெட்டியின் மேல் எழுதியிருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும், கரும்பலகையில் எழுதும் பெரிய எழுத்தில். உள்ளே இருப்பது என்னவென்று ஒளிக்காமல் எழுதினேன்: வறுத்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, செருப்பு. அனுப்புபவர் என்ற இடத்தில் என் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதினேன். உன்னுடைய குடும்பப் பெயர்தான் எனக்கும் என்பதைக் காண்கிறவர்கள் காணட்டும்.

திங்கட்கிழமை பரமட்டாவுக்கு ரயிலில் போய் அஞ்சலில் சேர்த்தேன். அங்கே இருந்த பஞ்சாபிப் பெண் முகவரியைப் பார்த்துவிட்டு, "இது எந்த மாநிலம் அன்ரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தனி நாடு என்றேன். ஆனால் அவள் கேட்டதில் பெரிய பிழையில்லை என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்தேன். எப்போது போய்ச் சேரும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. நீ போய் இருந்தபின்தான் வரும். முகாமுக்கு வரும் பொதிகளைத் திறந்து பார்ப்பதும், கொடுக்கலாமா திருப்பலாமா என்று தீர்மானிப்பதும் உன் பிரிவின் வேலை என்று நீயே விருந்தில் விளக்கினாய். ஆகவே அது உன் மேசைக்கு வரும். நான் உனக்கு ஒரு சட்டத்தையும் மீறச் சொல்லவில்லை. நீ எதையும் சுமந்து போகவும் இல்லை. அஞ்சலில் வந்த ஒரு பெட்டி, அதன்மேல் ஒருவனுடைய பெயர். அந்தப் பெயரைக் கேட்கமாட்டேன் என்று சொல்ல உனக்கு வழி இருந்தது. வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. எழுத்துச் சொல்லித் தந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை வா. வராதே என்று சொல்லும் அளவுக்கு நான் நாடகக்காரியல்ல. கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன், சோறு போடுகிறேன், வழியில் சாப்பிட ஏதும் கட்டித் தருகிறேன். திருநீறு சுவாமி அறையில் இருக்கும். நீயே எடுத்துப் பூசிக்கொள். என் கை அதற்கு எழும்பவில்லை, எழும்பினதாக நடிக்கவும் என்னால் முடியாது. விமான நிலையத்துக்கும் வரமாட்டேன். உன் மாமியார் வருவார், படம் எடுப்பார், அது போதும்.

பெட்டி வந்து சேர்ந்ததும், பாதுகாவலன் எவனிடமும் கொடுத்தனுப்பாமல், நீயே கொண்டுபோய் அந்த மனிதனை நம்பரில் கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடு. எந்த ஊர் என்று கேள், அவன் சொல்லும்வரை நில். அப்படிக் கொடுத்தால் எனக்கு ஒரு வரி எழுது. கொடுக்க முடியாமற்போனால், எழுதாதே.

அம்மா
பென்டில் ஹில்